வெள்ளிக்கிழமை ஆறிலிருந்து ஒன்பது வரை

"அந்தக் கொலையை நான் செஞ்சேனா இல்லையான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டு ஓர் ஆள் வந்து உட்கார்ந்தது தனியார் துப்பறிவாளர் சிக்னேயின் அனுபவத்தில் அன்றுதான் முதல் தடவை.

வந்தவன் ஹோல்கர். மால்மோ நகரத்தில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆறடிக்கு மேல் நாலு அங்குலம் உயரம், குடித்துக் குடித்து நடுங்கும் கைகள். ரொட்டிக்கடையில் அவன் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் குழந்தையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை மாலை ஆறு இருபதுக்கு, கட்சி அலுவலகத்துப் படியில் இறங்கிவந்த நீதித்துறை அமைச்சர் ரூதெமாரை யாரோ கழுத்தில் சுட்டார்கள். கார் ஓட்டுநர் ஒருவர்தான் பார்த்த சாட்சி. நல்ல உயரம், நீளமான கறுப்புக் கோட்டு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய், அவ்வளவுதான் அவர் பார்த்தது. மூன்றாம் நாள் ஹோல்கரைப் பிடித்தார்கள். எட்டு ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். அந்த எட்டில் மூன்று நாள் தாடியும் நடுங்கும் கையுமாக நின்றவன் ஹோல்கர் ஒருவன்தான். ஓட்டுநர் அவனைக் காட்டினார். ஆயுள் தண்டனை. பதினான்கு மாதம் கழித்து மேல் நீதிமன்றம், இது என்ன அடையாள அணிவகுப்பா கூத்தா என்பதைக் கொஞ்சம் மரியாதையான பாஷையில் கேட்டுவிட்டு, தீர்ப்பை ரத்து செய்தது.

வெளியே விட்டார்கள், சரி. நீ செய்யவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது போன மாதம், அவன் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், அவனுடைய தட்டுமுட்டுச் சாமான் கூண்டில், பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி கிடைத்திருக்கிறது. அதே துப்பாக்கி. வழக்கை மறுபடி திறப்பதா என்று உச்ச நீதிமன்றம் திங்கட்கிழமை சொல்லப்போகிறது. இன்று வெள்ளி.

"உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டான் யோர்மா. சிக்னேயின் உதவியாளன், ஃபின்லாந்திலிருந்து வந்தவன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"அன்னிக்கு மத்தியானத்திலேருந்தே குடி. கீழே போய்த் துணி துவைச்ச மாதிரி ஒரு ஞாபகம். அப்படி எதுவும் இல்லன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க. ஊரே நீதான்னு சொல்லுது. இப்ப துப்பாக்கி வேற. ஒருவேளை நான்தானோ என்னவோ." மழை வருமா வராதா என்று பேசுகிறவன் மாதிரி சொன்னான் ஹோல்கர். "ஜெயிலுக்குப் போறது பெரிசில்ல. தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்."

சிக்னேயின் கண் மேஜை இழுப்பறைக்குப் போனது. ஏனென்றால், அப்படி எதுவும் இல்லை என்று கோர்ட்டில் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. அப்போது போலீசில் இருந்தாள். அந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறைக்கு இறங்கிப்போய், சுவரில் இருந்த பலகையைப் படம் எடுத்தவளே அவள்தான். பலகையில் தேதிவாரியாகத் துளைகள், ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த விரல் நீளப் பூட்டு ஒன்று. துவைக்க வேண்டிய நேரத்தின் துளையில் பூட்டைச் செருகிவிட்டால் அந்த மூன்று மணி நேரம் அந்த வீட்டுக்குச் சொந்தம். கொலை நடந்த வெள்ளி, ஆறிலிருந்து ஒன்பது வரை உள்ள துளையில் இருந்தது பன்னிரண்டாம் எண். ஹோல்கரின் எண் மூன்று. பன்னிரண்டாம் வீட்டு மார்கித்தும், ஆறிலிருந்து ஒன்பது வரை தான் அங்கேயே இருந்ததாகவும் ஒரு ஈ காக்கை வரவில்லை என்றும் சத்தியம் செய்தாள். அதோடு ஹோல்கரின் கதை முடிந்தது. தீர்ப்பு ரத்தான அன்று சாயங்காலமே சிக்னே வேலையை விட்டாள். அந்தப் படம் இன்னும் அவள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஹோல்கர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். மூன்று மணிக்கு மார்கித் வீட்டில் காப்பியாம். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் அவள் முகம் மாறிவிடுமாம்.

"எந்த மார்கித்? உங்களுக்கு எதிரா சாட்சி சொன்ன மார்கித்தா?" என்றான் யோர்மா.

"பார்த்ததைச் சொன்னாங்க, பாவம். ஜெயில்லேருந்து வந்த நாள்லேருந்து எனக்குக் கதவைத் திறக்கிறது அவங்க ஒருத்தங்கதான். கோர்ட்டுக்கு ஒரு கடுதாசி எழுதிடலாம், மனசு லேசாயிடும்னாங்க. கூட உக்காந்து எழுதித் தர்றேன்னிருக்காங்க."

அவன் போன பிறகு அறையில் ஈரக் கம்பளி நாற்றம் கொஞ்ச நேரம் இருந்தது. சிக்னே அந்தப் பலகையை மறுபடி பார்க்க எழுந்தாள். கோட்டை எடுத்தாள்.

கட்டடத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால். கடல் பக்கத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே விளக்கு போட்டாகிவிட்டது. பனியில் கப்பல்களை எச்சரிக்கும் துறைமுகச் சங்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊதியது.

சலவை அறை நிலவறையில் இருந்தது. ஐந்து வருஷத்தில் எதுவும் மாறவில்லை. அதே பலகை, துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று என அதே இரண்டு இயந்திரங்கள், அதே கண்ணாடிச் சட்டம் போட்ட விதிமுறை. நேரம் பதிந்தவர் அரை மணிக்குள் வராவிட்டால் அந்த நேரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது நாலாவது விதி. அதற்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள்.

பக்கத்துக் கொதிகலன் அறையில் கட்டடக் காவலர் ஈவார் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிக்னேயை அடையாளம் தெரிந்துகொண்டார். அவள் பழைய கேள்வியையே கேட்டாள், அவரும் பழைய பதிலையே சொன்னார். அவருக்கு வேலை நாலு மணியோடு சரி, அன்று மாலை ஹோல்கரை எங்கே பார்ப்பது? அவ்வளவுதான். வந்த வழி முட்டுச்சந்து என்று நினைத்துக்கொண்டு சிக்னே திரும்பினாள்.

யோர்மா மட்டும் உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு தாளைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். தூசிவலையைச் சுத்தம் செய்யாமல் போன 'அன்பான அண்டைவீட்டாருக்கு' யாரோ எழுதியது. வணக்கத்தில் தொடங்கி, உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை என்று முடிந்தது.

"எங்க ஊர்ல கோபம் வந்தா கத்தியை எடுப்போம் மேடம். நீங்க பேனாவை எடுக்கறீங்க. இந்த நாட்ல மந்திரியைக்கூடச் சுட்டுடலாம் போலிருக்கு, அடுத்தவன் துவைக்கிற நேரத்தை மட்டும் தொடக் கூடாது." அந்த ஊரில் யாரும் யாரையும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. அவளுக்கு எரிச்சல் வரும் என்பதற்காகவே அவன் கூப்பிடுவான்.

ஈவாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதெல்லாம் ஒரு கடுதாசியா என்றார். இப்படிப்பட்ட தாள்களைத் தினமும் காலையில் கிழித்துவிட வேண்டும் என்பது குடியிருப்போர் சங்கத்தின் உத்தரவாம். அவரும் சனிக்கிழமை உட்பட ஆறு மணிக்கே வந்து எடுத்துவிடுவார். ஆனால் குப்பையில் போட மனசு வரவில்லை. அலமாரியைத் திறந்து மூன்று தடித்த கோப்புகளை இறக்கினார். பதினோரு வருஷத்துக் கோபம், தேதி வரிசைப்படி, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். கிறிஸ்துமஸுக்குத் தங்கை வீட்டுக்குப் போகும்போது படித்துக் காட்டுவாராம்.

சிக்னே கோப்புகள் பக்கம் குனிந்தாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தின நவம்பர் இருக்கா?"

"எல்லா நவம்பரும் இருக்கு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஹோல்கரைப் பார்த்தீங்களான்னு கேட்டீங்க. கடுதாசியைப் பார்த்தீங்களான்னு யார் கேட்டா?"

நியாயம்தான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிக்னேதான். மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

இரண்டாவது கோப்பில், நடுப்பகுதியில் கிடைத்தது. நீல மை, கோடு போட்டதுபோல் நேரான எழுத்து. கையெழுத்துக்குப் பதில் 'ஓர் அண்டைவீட்டுக்காரர்'. ஆனால் மேலே தேதி இருந்தது, கொலை நடந்த அதே வெள்ளிக்கிழமை. இந்த ஊர்க்காரர்கள் பெயர் போட மறந்தாலும் தேதி போட மறக்க மாட்டார்கள்.

'வணக்கம். வெள்ளி ஆறிலிருந்து ஒன்பது வரை என்னுடைய நேரம். என் பூட்டு பலகையில் இருக்கிறது. ஆறு ஐம்பதுக்குக் கீழே வந்தால் யாருடைய துணியோ இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பாதி ஓட்டம் முடிந்துவிட்டது. அரை மணிக்கு மேல் இருபது நிமிஷம்தானே தாமதம்? அதற்குள் என்ன அவசரம்? எனக்கு இன்றே துவைத்தாக வேண்டிய துணி இருந்தது. அடுத்தவர் நேரத்தை எடுப்பதற்குத் திருட்டு என்று பெயர்.'

அதற்குக் கீழே பென்சிலில், குடிகாரனைப் போலவே சாய்ந்து சாய்ந்து நடக்கும் எழுத்தில் ஒரு பதில்: 'மன்னிச்சுக்கோங்க. ஆறு மணிக்கே வந்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். யாரும் வரல. ஹோல்கர்.'

யோர்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டான். இயந்திரத்தின் ஓட்டம் நாற்பது நிமிஷம். ஆறு ஐம்பதுக்குப் பாதி என்றால், போட்டது ஆறு முப்பது. அமைச்சரைச் சுட்டது ஆறு இருபது. கட்சி அலுவலகத்திலிருந்து இங்கே வர, நிதானத்தில் இருப்பவனுக்கே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். "உங்க ஆளு சுத்தம் மேடம். அன்னிக்குத் துவைச்ச சட்டையைவிடச் சுத்தம்" என்று ஈவாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சிக்னேக்கு அழுகை வரும் போலிருந்தது. ஐந்து வருஷம் ஒரு மனுஷனைப் பேயாக்கி நடமாட விட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். தாளை இன்னொரு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படித்தபோது அழுகை போய்விட்டது.

"யோர்மா, இது யாரோட நேரம்?"

"பலகையில பூட்டு இருந்தவங்க நேரம். பன்னிரண்டு. மார்கித்..." அவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கேயே இருந்ததாகச் சத்தியம் செய்தவள், ஆறு ஐம்பதுக்குத்தான் கீழே வந்ததாகத் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறாள். அமைச்சர் விழுந்து சரியாக அரை மணி கழித்து. இன்றே துவைத்தாக வேண்டிய துணியோடு.

"சுட்டுட்டு வந்து, துவைக்கிற நேரம் போச்சேன்னு உக்காந்து கடுதாசி எழுதுவாங்களா ஒருத்தங்க?"

"இந்த ஊர்ல எழுதுவாங்க" என்றாள் சிக்னே. "நானா இருந்தாலும் எழுதியிருப்பேன்."

மார்கித்துக்கு அமைச்சர் மேல் என்ன கோபம் என்று அவள் கேட்டதற்கு, ஈவார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். மார்கித்துக்கு ஒரே மகள். ஒன்பது வருஷத்துக்கு முன் ரயில் நிலையத்து வாசலில் வைத்து ஒருவன் அவளைக் குத்திக் கொன்றான். ஆயுள் கைதி அவன், வார விடுப்பில் வெளியே வந்திருந்தவன். அந்த விடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ரூதெமார். மகளைக் கூட்டிவர மார்கித் அன்று பத்து நிமிஷம் தாமதமாகப் போயிருந்தாளாம். அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்த நேரப் பைத்தியம்.

யோர்மா சலவை அறைக்குள் போய்ப் பலகைமுன் நின்றான். அவன் குரலில் கிண்டலே இல்லாமல் சிக்னே அதற்கு முன் கேட்டதில்லை.

"மேடம், இங்க வாங்க."

இன்றைய தேதி. வெள்ளி, மூன்றிலிருந்து ஆறு வரை உள்ள துளை. அதில் செருகியிருந்த பூட்டின் எண் பன்னிரண்டு.

இரண்டு இயந்திரங்களும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. சிக்னே கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே காய்ந்து கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று முப்பத்தெட்டு.

"அவங்க லேட்டா வர்ற ஆளே இல்லையே" என்றார் ஈவார், கதவருகிலிருந்து.

மூன்றாவது மாடி. மின்தூக்கிக்குக் காத்திராமல் படியில் ஓடினார்கள். ஈவார் போலீசுக்குத் தொலைபேசி செய்யப் போனார். ஓடும்போது ஓட்டுநரின் சாட்சியம் சிக்னேக்கு வரி வரியாக நினைவுக்கு வந்தது. நல்ல உயரம், நீளக் கோட்டு, குல்லாய். ஆண் என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை. போலீஸ்தான் சேர்த்துக்கொண்டது. எட்டு ஆண்களை வரிசையில் நிறுத்தியதும் போலீஸ்தான்.

இரண்டாவது தடவை மணி அடித்ததும் கதவு திறந்தது. மார்கித்தின் தலை வாசல் சட்டத்துக்கு நாலு விரல் கீழேதான் இருந்தது. அறுபது வயது, நீச்சல்காரியின் தோள். ஏலக்காய் ரொட்டியின் வாசனை வெளியே வந்தது. மிதியடியில் ஹோல்கரின் கிழிந்த காலணிகள் ஜோடியாக, சுவரைப் பார்த்து அடுக்கியிருந்தன.

"காலணியைக் கழட்டிட்டு வாங்க" என்றாள் மார்கித் மரியாதையாக.

சிக்னே கழற்றவில்லை. அவளைத் தாண்டி உள்ளே நடந்தாள். பளபளப்பான மரத்தரையில் ஈரத் தடம் விழுந்தது. மார்கித்தின் கண் அந்தத் தடங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்தது.

சமையலறை மேஜையில் தலையைச் சாய்த்துக் கிடந்தான் ஹோல்கர். காப்பிக் கோப்பை காலி. அவன் கைக்குக் கீழே ஒரு தாள். அதே சாய்ந்த எழுத்து. 'நான்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால்' என்பதோடு பேனா இழுத்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்து நாற்காலி முதுகில் ஒரு மெத்தைத் தலையணை. இன்றே துவைத்தாக வேண்டியிருக்கும் அதன் உறை இன்னும் கசங்கவில்லை. யோர்மா ஒரே தாவலில் போய் ஹோல்கரின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான், பிறகு கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். நடக்க வைத்தபடியே, பெரிய உடம்பய்யா உனக்கு, கொஞ்சம் நீயும் காலை வை என்று திட்டிக்கொண்டே இருந்தான்.

சிக்னே பிளாஸ்டிக் உறையை மார்கித்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கையைவிட்டு விடவில்லை.

மார்கித் அதைப் பென்சில் வரிவரை படித்தாள்.

"ஈவார்கிட்டயா இருந்தது?" என்றாள். "மறுநாள் காலையில ஆறரைக்கு எடுக்கப் போனேன். அதுக்குள்ள இல்ல. இவன்தான் எடுத்து வச்சிருக்கான்னு நினைச்சு மூணு வருஷமா காப்பி ஊத்திக்கிட்டிருக்கேன். குடிச்சா எல்லாத்தையும் பேசறான், இதை மட்டும் பேச மாட்டேங்கிறான். அதான் துப்பாக்கியை அவன் கூண்டுல வச்சேன்."

"அவருக்கு ஞாபகமே இல்ல" என்றாள் சிக்னே.

மார்கித் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜைமேல் சிந்தியிருந்த ரொட்டித் தூளை விரலால் ஒன்றுசேர்த்தாள். அமைச்சர் அன்று ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்திருக்க வேண்டும் என்றாள். கூட்டத்தை இழுத்துவிட்டார்களாம். இல்லாவிட்டால் ஆறேகாலுக்கெல்லாம் கோட்டு இயந்திரத்துக்குள் போயிருக்கும், யாரும் எதையும் எழுதியிருக்க வேண்டியதில்லை.

"நான் எதுக்கும் லேட்டா போறவ இல்ல" என்றாள். ரொட்டித் தூளை மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். "ஒரே ஒரு தடவை தவிர."

சிக்னேக்கு அந்த நிமிஷத்தில் அவள்மேல் இரக்கம் வந்தது. அதே நிமிஷம் கண் அந்தத் தலையணைமேல் விழுந்தது, வந்த இரக்கம் நின்றுவிட்டது.

மூடுபனிக்குள் போலீஸ் வண்டியின் நீல விளக்கு சுவரில் அடித்தது. அவர்கள் வந்து கைவிலங்கு மாட்டும்போது மார்கித் தகராறு எதுவும் செய்யவில்லை. வாசலில் காலணியைத் தானே போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பி, கீழே பலகையில் தன் பூட்டு இருப்பதாகவும், யாராவது எடுத்துவிட வேண்டும் என்றும், உபயோகிக்காத நேரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வது தப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஹோல்கரைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி, காப்பியில் கலந்திருந்த மருந்தை வாந்தி எடுக்க வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொன்னார். கண்ணைப் பாதி திறந்து சிக்னேயைத் தேடினான். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நானா?" என்றான்.

சிக்னே குனிந்து அந்தத் தாளை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். நீல மையை விரலால் மறைத்துக்கொண்டு, பென்சில் வரியை மட்டும் காட்டினாள்.

"நீங்க இல்ல, ஹோல்கர். நீங்க கீழே உக்காந்து உங்க முறைக்காகக் காத்திருந்தீங்க."

அவன் தன் எழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தான். உதடு அசைந்தது. முடிவுவரை போய், மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"அரை மணியும் முழுசா இருந்தேனா?"

"முழுசா இருந்தீங்க."

ஹோல்கர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அதைத் தாங்க மாட்டாமல் சிக்னே படியில் போய் உட்கார்ந்தாள்.